ஜீரோ பல்பும் பல்புதான்

கரண்ட் பில்லைக் குறைக்கப் போய் அம்மாவின் கூலியைக் குறைத்தவன் நான். அதற்காக என் மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சம்தான். மீதிக் கோபம் வேறொருவர் மேல். இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை.

மைசூரில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வீடுகள். அதில் கடைசி வீடு எங்களுடையது. ஐந்துக்கும், முன்பக்கம் இருந்த ஓனரின் பெரிய வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அது அவருடைய வராந்தாவில் இருந்தது. பில் வந்ததும் ஓனர் பங்கு பிரித்துச் சொல்வார். கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா மறுபேச்சில்லாமல் கொடுப்பார். எப்படிப் பிரிக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

ஏழாம் வகுப்பில் வாட்டும் யூனிட்டும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் அச்சடித்திருந்தால் அது வீட்டிலும் நடந்தே தீரும் என்று நம்பினேன். அப்பாவின் வேலையில் மிஞ்சிய சுண்ணாம்பை வாங்கி உள்சுவருக்கு அடித்தேன். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பல்பில் படிந்திருந்த அடுப்புப் புகையைத் துடைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அறுபது வாட் பல்பைக் கழற்றிவிட்டு ஜீரோ பல்பை மாட்டினேன்.

அம்மா பகலில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் ஊதுபத்தி உருட்ட உட்காருவாள்.

“கண்ணே தெரியலடா சாமி. குச்சி எது, மாவு எதுன்னு தடவித்தான் பாக்கறேன்.”

“ஒரே ஒரு மாசம்மா. பில்லு வரட்டும், அப்புறம் பாரு.”

படிக்கிற பிள்ளை சொல்கிறான் என்று தலையாட்டினாள். கரி மாவு அப்பிய கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள் இமையெல்லாம் கறுத்திருந்தது. வாரக் கடைசியில் பத்தி எடுக்க வந்த ஏஜெண்ட் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தான். “என்னம்மா இது, பத்தியா முருங்கக்காயா?” என்று பாதிக்கு மேல் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனான். அப்போதும் நான் பல்பை மாற்றவில்லை. பில் குறையும், எல்லாவற்றையும் அது சரிக்கட்டிவிடும் என்று இருந்தேன்.

பில் வந்தது. எங்கள் பங்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயிலில், நேராக ஓனரின் வராந்தாவுக்குப் போனேன். ஐந்து வீட்டிலும் ஒரு பல்புகூட எரியவில்லை. மீட்டர் சக்கரமோ கறுப்புக் கோடு கண்ணில் நிற்காத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அவருடைய குளியலறையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

தலை துவட்டிக்கொண்டே ஓனர் வெளியே வந்தார். “சார், எங்க வீட்ல ஜீரோ பல்புதான் எரியுது. இப்ப மீட்டரு சுத்தறது உங்க கரண்ட் பாய்லருக்கு. எங்க பங்கு குறையணும்,” என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. “வீட்டுக்கு எத்தனை பல்போ அத்தனை பங்கு. ஜீரோ பல்பும் பல்புதானே மரி?” என்றார், சின்னப் பிள்ளையைக் கூப்பிடும் கன்னடச் செல்லத்தில்.

“அப்ப பாய்லரு?”

“பாய்லர் பல்பா?” என்று சிரித்துவிட்டு, காம்பவுண்டே கேட்கும்படி கூப்பிட்டார். “ஏன் மேஸ்திரி, உன் மகன் என்கிட்டயே லெக்க கேக்கறான்!” கன்னடத்தில் லெக்க என்றால் கணக்கு.

அப்பா ஓடிவந்தார். என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நிற்க, என்னைக் கன்னத்தில் அறைந்தார். “சின்னப் பையன் சார், தெரியாம பேசிட்டான். மனசுல வெச்சுக்காதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவரே ஸ்டூலில் ஏறி அறுபது வாட் பல்பைத் திரும்ப மாட்டினார். அன்று விளக்கு வைத்ததும் அம்மா அதன் கீழே மாவைப் பிசைய உட்கார்ந்தாள். நான் அப்பாவோடு பல நாள் பேசவில்லை. என் கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். சரியான கணக்குக்கு அடித்தவர் கோழை இல்லாமல் வேறென்ன?

ஜூன் பிறந்தது. எங்களுக்கு ரேஷன் கார்டு கிடையாது. நாங்கள் இந்த ஊரில்தான் குடியிருக்கிறோம் என்று ஓனர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை வைத்துத்தான் வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் பீஸ் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செருப்பை வாசலில் விட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

ஓனர் பேனாவின் மூடியைத் திறக்காமலே என்னைப் பார்த்தார். “இன்னும் லெக்க போடறானா?”

“இல்ல சார். விட்டுட்டான்,” என்று அப்பா சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் மூடி திறந்தது.

கடிதத்தை நான்தான் வாங்கிக்கொண்டேன். நாலு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்ற எரிச்சலில், வழியெல்லாம் அப்பாவுக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தேன். அதே எரிச்சலோடு அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூட ஆபீஸில் கொடுத்துவிட்டு, எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.