எங்கள் வாசலைத் தாண்டிய குரல்

பொழுது சாயும் நேரத்தில் இன்றும் நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். சென்னையில் மாடி வீட்டில் இருக்கிறேன். இங்கே என்னை யார் நடவுக்குக் கூப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் காது அடங்க மாட்டேன் என்கிறது.

நன்னிலம் பக்கம் எங்கள் தெருவில் வேலை என்பது ஒரு குரல்தான். மறுநாள் நடவோ களையோ இருந்தால், பண்ணைக் காரியஸ்தர் நடவுப் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவளிடம் சொல்லி அனுப்புவார். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா மேல்கோடியிலிருந்து வாசல் வாசலாக நின்று கூப்பிட்டுக்கொண்டே வருவாள். "நாளைக்கு நடவுடி, வெள்ளன வந்துரு!" உள்ளேயிருந்து "வர்றேங்க்கா" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த வாசலுக்கு நகர்வாள். கூப்பிடாத வீட்டுக்கு வேலை இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

நான் சிறுமியாக இருந்த ஒரு வருஷம், நிலம் உழுபவனுக்கே என்று எல்லாச் சுவரிலும் எழுதியிருந்தது. எழுதியவர்கள் ஆட்சிக்கும் வந்துவிட்டார்கள். நிலம் மட்டும் மிராசுதாரிடமே இருந்தது. கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி விவசாயக் கூலிகள் சங்கம் கேட்டது, மிராசுதார் மறுத்தார். கேட்டது கிடைக்கும்வரை யாரும் வயலில் இறங்கக் கூடாது என்று தெரு முடிவெடுத்தது. காரியஸ்தர் அசரவில்லை. லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து, வரப்பில் போலீஸை நிறுத்தி, நடவை நடத்தினார். எங்கள் தெரு குந்தியிருந்து அதைப் பார்த்தது. பட்டினியைவிட அதுதான் கொடுமை என்பாள் அம்மா, கண்ணெதிரே நம் வயலில் வேறு ஆள் குனிவது.

கடைசி நாளன்று வெளியாட்கள் லாரிக்கு நேரமாகிவிட்டதென்று வாய்க்கால் ஓரத்து வயலைப் பாதியில் விட்டுப் போய்விட்டார்கள். பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்பில் கிடந்தன. மறுநாள் காலை தண்ணீர் எடுக்கப் போன அம்மா அதைப் பார்த்தாள். அப்பா இல்லாத வீடு, அடுப்பு சரியாக எரியாத நாட்கள். ஆனால் அவள் இறங்கியது கூலிக்கு இல்லை. குடத்தை இறக்கி வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், பின்னால் நகர்ந்து நகர்ந்து மிச்சத்தையும் நட்டு முடித்துவிட்டாள். அவள் முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஒரு நிம்மதி.

"ஏம்மா எறங்குன?" என்று கேட்டேன்.

"நாத்து வாடுதுடி," என்றாள், பிள்ளை அழுகிறது என்று சொல்வதைப்போல.

காரியஸ்தருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. டீக்கடையில் நின்றுகொண்டு, "ஒங்க தெருப் பொம்பளையே வந்து சும்மா நட்டுக் குடுத்துட்டுப் போறா. ஒங்களுக்கு எதுக்குய்யா கூலிய ஒசத்தணும்?" என்று சிரித்தார். தெரு குன்றிப்போனது.

அம்மாவை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒருவழியாகக் கூலித் தகராறு ராசியாகி, களையெடுப்புக்கு ஆள் கூப்பிட அக்கா வந்தாள். பக்கத்து வாசலில் குரல் கேட்டது. அம்மா பதில் சொல்லத் தயாராகக் கதவருகே நின்றாள். காலடிச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. அடுத்த வாசலில் மறுபடி குரல் கேட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு நடவுக்கும் அறுப்புக்கும் அப்படித்தான். அம்மா தெரியாத ஊர்களுக்கெல்லாம் நடந்து போய் வேலை கேட்டாள். அங்கேயும் அந்தந்தத் தெருவுக்கு அந்தந்த ஆள். நண்டும் நத்தையும் பொறுக்கி, வறட்டி தட்டி என்னை வளர்த்தாள். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். மிராசுதாரைவிட அக்கா மேல்தான் எனக்குக் கோபம். பசித்தவர்கள் பசித்தவளுக்கு இதைச் செய்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷங்கள் வந்தன. திறந்த வருஷங்களில் மெஷின் வந்தது, நட ஒன்று, அறுக்க ஒன்று. மெஷினை யாரும் வாசலில் நின்று கூப்பிட வேண்டியதில்லை. இளவட்டங்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். மொத்தத் தெருவும் எங்கள் வீட்டைப்போலக் கூப்பிடாத வீடாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது பார்ப்பேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பேச்சு நின்றுவிடும். வயதான பெண்கள் வாசல் வாசலாக உட்கார்ந்து மேல்கோடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிட வேண்டிய அக்காவும் அதே மாதிரி உட்கார்ந்திருப்பாள். புதிதாக வந்த மருமகள்கள் அந்த நேரத்தில் வெளியே வரவே பயப்படுவார்கள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் ஊருக்குப் போய்க் கூடவே இருந்தேன். நினைவு தப்பித் தப்பி வந்தது. கை மட்டும் ஓயவில்லை. இடது கையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிப் போர்வையில் ஊன்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பொழுது சாயும்போது கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நாளைக்கு நடவுடி," என்றாள், அதே பழைய குரலில். "வெள்ளன வந்துரு."

அந்த வருஷம் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவின் கை நின்றது.

"எந்த வயலுக்குக்கா?"

அக்கா தடுமாறினாள். "வாய்க்கா ஓரத்து வயலுடி."

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "அது நட்டாச்சேக்கா."

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாசலுக்குப் போகவில்லை.