சர்க்கரை போட்டதா, போடாததா?

வியாபாரிகள் கூட்டத்தில் அவள் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை வணக்கம் அல்ல. "தள்ளுங்க, தள்ளுங்க! தேய்க்காதீங்க!" என்பதுதான்.

அதற்கு முந்தைய மாதக் கூட்டத்தில் அதுகூட இல்லை. தண்ணீர் கேனுக்குப் பக்கத்திலேயே நின்று, யாராவது திரும்பிப் பார்த்தால் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்து, கேனைப் பாதியாக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். அச்சடித்த கார்டுக் கட்டு பிரிக்காமலே கைப்பையில் இருந்தது. நடந்ததைக் கேட்ட நாத்தனார் அதை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, வியாபாரம் பேசப் போனீங்களா, வயிறு கழுவப் போனீங்களா?"

ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கும் லாண்டரி அவர்களுடையது. இத்தனை வருடமும் கணவர் பேசினார், அவள் துவைத்தாள். அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர். துணி மூட்டையை இறக்கப் போனால் வாசலில் படுத்திருக்கும் நாயிடமும் நலம் விசாரித்துவிட்டுத்தான் வேனை எடுப்பார். அந்த ரேடியோவின் தொண்டையில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்று மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். நேரம் பார்த்தது போல அவர்களுடைய பெரிய வாடிக்கையான விடுதியும் கை மாறியது. புது முதலாளி சொந்தமாகவே மெஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கடையில் இஸ்திரி மேஜை இரண்டு. ஒன்றில் பெரியவள், இன்னொன்றில் சின்னவள். அக்கா தங்கை இல்லை; வேலைக்கு வந்து சேர்ந்த வரிசையில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். இப்போது ஒருத்திக்குத்தான் வேலை இருந்தது. அதை ஆளுக்கு அரை நாளாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். யாரை நிறுத்தப் போகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புதிதாக ஒரு வாடிக்கையாவது பிடித்தாக வேண்டும். பிடிக்க வேண்டியவள் அவள்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் கணவர் அவளைக் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கினார். பேச முடியாததால் கையில் ஒரு கரண்டியும் தம்ளரும். அவள் குரல் இறங்கினால் ஒரு தட்டு. தரையைப் பார்த்தால் இரண்டு தட்டு.

"வணக்கம், நாங்க லாண்டரி..."

டங்.

"வணக்கம்! நாங்க..."

டங், டங்.

"பேச்சு இருந்தப்பவே உங்கண்ணன் இவ்வளவு சத்தம் போட்டதில்ல," என்றாள் அவள் நாத்தனாரிடம். அவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

கூட்டத்தன்றும் அவள் தண்ணீர் கேன் பக்கம்தான் ஒதுங்கினாள். எதிர் மேஜையில் ஒருவர் கையை வீசிப் பேசியதில் காபிக் கோப்பை கவிழ்ந்தது. வெள்ளைப் பருத்தி விரிப்பு. பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையால் அதை அழுத்தித் தேய்க்கப் போனார். அவளுக்குத் தன் பயம் மறந்து போயிற்று. கத்திக்கொண்டே ஓடி, உலர்ந்த துணியால் ஒற்றி, சோடா வாங்கி ஊற்றி, மறுபடி ஒற்றி நிமிர்ந்தாள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் இதைப் பார்த்தாள். அன்று பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. "அக்கா, நல்லவேளை நீங்களாவது வந்தீங்க! ஜன்னல் பக்கம் யாருக்கும் இன்னும் காபி போகல," என்று கோப்பைகள் நிறைந்த தட்டைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நானும் உறுப்பினர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தட்டோடு நடந்தாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். போன மாதம் சுவர் மாதிரி நின்ற கும்பல்களெல்லாம் தட்டைக் கண்டதும் வழி விட்டன. "சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்டால் எந்தப் பெரிய மனிதரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். ஜன்னலோரம் நின்றவர், மூட்டுவலிக்குப் பயிற்சி கொடுக்கும் கிளினிக் வைத்திருப்பவர், கோப்பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க எந்த கேட்டரிங்?"

"கேட்டரிங் இல்லீங்க, லாண்டரி. இந்த மாதிரி விரிப்பு, டவல் எல்லாம் துவைச்சுக் கொடுக்கிறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, கண்ணாடி முன் வராத வாக்கியம் முழுசாக வந்துவிட்டது என்று.

"டவலா? எங்ககிட்ட எல்லாத்துலயும் தைல வாடை. எத்தனை துவைச்சாலும் போகல."

"ரெண்டு கொடுத்து விடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

வரவேற்புப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது. "ஐயோ, நீங்க மெம்பரா! மன்னிச்சுக்கங்க அக்கா, நான் ஒரு..."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? அடுத்த மாசமும் தட்டை என்கிட்டயே கொடு."

வீட்டில் நாத்தனார் கொதித்தாள். "சந்தா கட்டிட்டு அங்க போய்க் காபி கொடுத்தீங்களா? நம்ம மானம் என்ன ஆகிறது?"

"மானம் தண்ணி கேன் பக்கத்துல நின்னப்பதான் போச்சு. இன்னைக்குத் திரும்பி வந்துச்சு," என்றாள் அவள். கரண்டி தம்ளரை விடாமல் தட்டியது. அது கைதட்டல் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காபி கொட்டிய விரிப்பைத் தானே கேட்டு வாங்கி வந்து துவைத்துக் கொடுத்தாள். கறை முழுசாகப் போகவில்லை. "ஒரு பொட்டு நிக்குதும்மா. பூச்சாடியை அது மேல வச்சிடு," என்றாள் வரவேற்புப் பெண்ணிடம்.

மூன்றாவது கூட்டத்தில் ஒவ்வொருவரும் மேடையேறித் தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். அவள் முறை வந்தபோது வரவேற்புப் பெண் தட்டை வாங்கிக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கேன், போங்கக்கா."

வெறும் கையோடு மேடையேறினாள். நிமிர்ந்து பார்த்தபோது எதிரே இருந்தது கூட்டமாகத் தெரியவில்லை. அரைச் சர்க்கரை, சர்க்கரையே வேண்டாம், ஆறிப் போனால்தான் குடிப்பவர், ஒளித்து இரண்டாவது வாங்குபவர். "பாதிப் பேருக்கு நான் காபிக்கார அக்கா. துணியும் துவைப்பேன்," என்று தொடங்கினாள். கூடம் சிரித்தது. மிச்சம் தானாக வந்தது. திக்கிய இடமும் இருந்தது. யாரும் கரண்டியால் தட்டவில்லை.

பெரிய விடுதி போன இடம் இன்னும் முழுதாக நிரம்பவில்லை. ஆனால் கிளினிக் டவல்கள் வாரா வாரம் வருகின்றன. வாடை மூன்றாவது ஊறலில் போயிற்று. ஒரு அழகு நிலையமும் சேர்ந்துகொண்டது. இரண்டு இஸ்திரி மேஜைகளும் காலையிலிருந்து சூடாக இருக்கின்றன. கணவருக்குக் குரல் திரும்பிவிட்டது, துருப்பிடித்த கதவு மாதிரி. கூட்டத்துக்கு நீங்களே போகிறீர்களா என்று கேட்டாள். "காபித் தட்டை எனக்குத் தூக்கத் தெரியாது," என்றார்.

ஒருநாள் அவள் டவல் மூட்டையோடு கடைக்குள் நுழைந்தபோது, பெரியவள் மடித்த டவல் அடுக்கைத் தட்டு போல ஏந்திக்கொண்டு, அவள் குரலிலேயே, "சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று சின்னவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"போடாதது," என்றபடி அவள் மூட்டையை இறக்கினாள்.