ஆர்விடின் மூன்றாவது பொட்டு

டன்மோர் என்ற சின்ன ஊரில் யார் வீட்டுக்குத் தரை போடப் போனாலும் ஓரின் பிக்கெட்டிடம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "புடைப்பு வராதே?" கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆர்விட் ஸ்லெட்டன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஓரின் அவர் வீட்டுப் பின்னறைக்குக் கம்பளம் போட்டான். வாசலருகே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு புடைப்பு. அன்றிலிருந்து காபிக்கடையில் ஓரின் நுழைந்தால் போதும், "பாத்து நடங்கப்பா, தரைக்காரன் வர்றான், தடுக்கும்" என்பார் ஆர்விட். வந்து பிரித்துப் பார்க்கிறேன் என்று ஓரின் மூன்று தடவை கேட்டான். வேலை மேஜையைக் கம்பளத்தோடு சேர்த்துத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியாயிற்று, கழற்ற முடியாது என்று மூன்று தடவையும் மறுத்துவிட்டார். சர்ச் கூடத்து வேலை வெளியூர்க்காரனுக்குப் போனது அந்தப் புடைப்பால்தான் என்று ஓரின் இன்றைக்கும் நம்புகிறான்.

ஆர்விட் கவனக்குறைவான ஆள் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் பண்ணைகளுக்கு எரிவாயு லாரி ஓட்டியவர். ஒரு இடத்திலும் கசியவிட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கவனத்தையெல்லாம் பின்னறையில் சுட்ட காலிக் கூடுகளில் மறுபடி தோட்டா நிரப்புவதில் இறக்கினார். கடைத் தோட்டா வாங்கிச் சுடுகிறவர்களை, ஓரின் உட்பட, வீட்டில் செய்யாமல் கடையில் கேக் வாங்கிப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். தோட்டாவின் அடியில் பதிக்கிற பொட்டு உளுந்து அளவுதான். துப்பாக்கி ஊசி அடித்தால் முதலில் வெடித்து மருந்தைப் பற்றவைப்பது அதுதான். தட்டுக்கு நூறு. எண்ணி எடுப்பார், எண்ணி வைப்பார். ஒன்று கைதவறிக் கம்பளத்துக்குள் போய்க் கிடைக்காவிட்டால், மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும் அட்டையில் தேதியோடு குறித்துவைப்பார்.

அந்த அக்டோபர் குளிரில் ஆர்விட் தானே ஓரினின் கடைக்கு வந்து நின்றார்.

"ஒரு ரூமுக்குத் தரை மாத்தணும், பிக்கெட்."

"புடைப்பு இருக்குற ரூமா?"

"அதேதான். சிரிக்காத."

மகள் கேரின் பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கிறாள். மான் வேட்டைக் காலம் தொடங்குகிற சனிக்கிழமை புருஷனோடும் பத்து மாதக் குழந்தையோடும் வருகிறாள். குழந்தை தவழ்கிறது. கண்ணில் பட்டது எல்லாம் வாய்க்குள் போகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆர்விட் பல் பிடுங்கப் போயிருந்த நேரம், அவர் மனைவி லவோன் அந்தக் கம்பளத்தில் வாக்குவம் கிளீனர் ஓட்ட, உள்ளே போன பொட்டு ஒன்று டப்பென்று வெடித்து அதன் தூசிப் பையைக் கிழித்தது. கேரின் அதை மறக்கவில்லை.

"கதவைப் பூட்டிருங்க, பெரியவரே. தீர்ந்துச்சு."

"பூட்டு எப்பவும் இருக்கு. அட்டையில நாலுன்னு இருந்துச்சு, வாக்குவம் ஒன்னத் தின்னுச்சு. பாக்கி மூணு. அதுல ஒன்னு என் கால்ல ஒட்டிக் கூடத்துக்கு வந்திருந்தா என்ன பண்றதுன்னு கேக்குறா. என்ன பதில் சொல்றது?" தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "மூணும் கிடைக்கலன்னா மோட்டல்ல தங்கிக்கிறாளாம். என் பேத்தி, மோட்டல்ல."

ஓரின் ஐந்து மாதிரித் துண்டுகளைக் கொண்டுபோய் அவர் வீட்டு கேரேஜ் முன்னால் பரப்பினான். ஆர்விட் சுட்டுத் தீர்ந்த செத்த பொட்டுகளை ஒரு பிடி அள்ளி, ஒவ்வொன்றிலும் ஐந்து போட்டார். லவோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். அதுதான் பரீட்சை.

குதிரை லாயத்து ரப்பர் பாய் ஆர்விடின் முழங்காலுக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பில் எதுவும் தெரியவில்லை. கோர்த்துப் போடும் நுரைக் கட்டங்களின் இடுக்கில் இரண்டு பொட்டு ஒளிந்துகொண்டன. "மருந்துத் தூளும் இதுலதான் போய் உக்காரும்" என்று ஆர்விடே ஒதுக்கினார். சாயம் பூசிய காங்கிரீட் சில்லில் விழுந்தவை குதித்து வாசல்பாதையில் ஓடின.

"கனடா எல்லையில பிடிச்சுக்கலாம்" என்றாள் லவோன்.

ஆர்விட் கண் வைத்திருந்தது கூழாங்கல் படம் போட்ட வினைல் விரிப்பு மீது. மிச்சத் துண்டு, பாதி விலை. லவோன் அதில் குனிந்து வெகுநேரம் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல மீன் வேணா பிடிக்கலாம். பொட்டு ஒன்னுகூடக் காணோம்."

கடைசித் துண்டு படமே இல்லாத வெளிர்நீல வினைல். நின்றபடியே ஐந்தையும் விரலால் காட்டினாள்.

"ஆஸ்பத்திரி வராந்தா மாதிரில்ல இருக்கு" என்றார் ஆர்விட்.

"ஆஸ்பத்திரிக்கே போறதுக்கு இது தேவல, மனுஷா."

"பன்னெண்டடி அகலம் வருது" என்றான் ஓரின். "உங்க ரூம் பத்துக்குப் பதினொன்னு. ஒட்டே இல்லாம ஒரே விரிப்பாப் போடலாம். சுவரோரம் நாலு விரல் மேல ஏத்தி மடக்கிடுறேன். எது விழுந்தாலும் உருண்டு திரும்பி உங்க கிட்டயேதான் வரும். ஈரத்துணியால துடைச்சா போதும், வாக்குவமே வேண்டாம்."

ஆர்விட் குனிந்து பொட்டுகளைப் பொறுக்கினார். அவரிடம் அதுவே சம்மதம்.

வெள்ளிக்கிழமை காலை மேஜையின் போல்ட்டைக் கழற்றினார்கள். அறையிலிருந்த மருந்து டப்பா, பெட்டி எல்லாம் ஏற்கெனவே கொட்டகைக்குப் போயிருந்தன. கம்பளத்தில் தண்ணீர் தெளித்து, முழ அகலத்துக்கு அறுத்து, வெளியே வெள்ளைப் படுதாவில் வைத்து மூவரும் விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பத்து மணிக்குள் இரண்டு பொட்டு கிடைத்தன. ஆர்விட் அட்டையில் இரண்டு கோடு அடித்தார்.

வாசலருகே பட்டையை உரித்தபோது ஓரினின் கை நின்றது. கம்பளத்துக்கும் அதன் அடியில் விரித்த நுரைக்கும் நடுவே, நசுங்கி, பச்சை பிடித்து, ஒரு வெற்றுத் தோட்டாக் கூடு. துடைத்து அடிப்பக்க எழுத்தைப் படித்தான். இருநூற்றைம்பத்தேழு ராபர்ட்ஸ். டன்மோரில் அந்த அளவுத் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரே ஒருவர்.

"பெரியவரே. அன்னிக்கு நான் நுரை விரிச்சுட்டுச் சாப்பிடப் போனேனே, அப்ப சாமான் ஏதும் உள்ள கொண்டாந்தீங்களா? வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

ஆர்விட் கூட்டை வாங்கிப் பார்த்தார். காது வரை சிவந்தார்.

"ஒரு வாளிக் கூடு கவுந்துச்சு" என்றார். "எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்னு நெனச்சேன்."

"எண்ணலயா?"

"காலிக் கூட்டை யாரு எண்ணுவா?"

ஓரினுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. பதினாறு வருஷமாகச் சேர்த்துவைத்த வசவு நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. ஆனால் பெரியவரின் கண் கூட்டில் இல்லை, அட்டையில் இருந்தது. மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. ஓரின் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முழங்காலில் இறங்கினான்.

கம்பளம் முழுக்க முடிந்தது. கம்பளத்தைக் கவ்வியிருந்த ஓரத்து ஆணிப்பட்டையைப் பெயர்த்தார்கள். ஜன்னலை மறைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளியை ஓடவிட்டான் ஓரின். மண்துகள்கூட நீள நிழல் விட்டது, பொட்டு இல்லை. மதியம் ஆனது. ஆர்விட் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கேரினுக்குப் போன் போடு, லவோன். மோட்டல்ல ரூம் சொல்லச் சொல்லு."

லவோன் போனை எடுக்கவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லிப்புக்கென்று அந்த அறையில் அவர் போடும் பழைய கம்பளிச் செருப்பு. காபி எடுக்க வரும்போதும் கழற்றமாட்டார்.

"அதைக் கழட்டு."

"எதை?"

"செருப்பை, மனுஷா. அசையாத, மெதுவா."

இடது செருப்பின் ரப்பர் அடியில், குதிகால் வரிப்பள்ளத்தில், அழுக்கோடு அழுக்காகப் பித்தளை மினுங்கியது. ஓரின் மரக்குச்சியால் நெம்பினான். பொட்டு வெள்ளைப் படுதாவில் விழுந்தது. மூன்று.

லவோன் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இத்தனை வருஷமா என் கூடத்துலதான் நடந்திருக்கு. நான்தான் அதுக்குக் காபி ஊத்தியிருக்கேன்." ஆர்விட் நீளமாக மூச்சை விட்டார். லாரிக் குழாயை மாட்டி மூன்றாம் தடவை தொட்டுப் பார்த்த பிறகு விடுகிற மூச்சு அப்படித்தான் இருந்திருக்கும். அட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்தார். செருப்பு இரண்டும் குப்பைத்தொட்டிக்குப் போயின. இருட்டுவதற்குள் ஓரின் வெளிர்நீலத்தை விரித்து ஓரம் ஏற்றி முடித்தான். கையை வைத்து முழுக்கத் தடவினான். ஒரு மேடு இல்லை.

மறுநாள் ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனபோது கேரின் வந்திருந்தாள். பின்னறையில் முழங்காலில் உட்கார்ந்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். கதவைப் பூட்டிச் சாவியை உயரத்தில் மாட்டினாள். பிறகு குழந்தையைக் கூடத்தில் இறக்கிவிட்டாள். அது நேராகத் தாத்தாவின் காலுக்குத் தவழ்ந்து போய்ப் புதுச் செருப்பைக் கடித்தது. ஆர்விட் அசையாமல் நின்று கடிக்கவிட்டார்.

ஓரின் வண்டியில் ஏறியபோது ஆர்விட் பின்னாலேயே வந்து ஜன்னலில் கை வைத்தார்.

"அந்தக் கூடு உங்கிட்ட இருக்கா?"

"பையிலதான் இருக்கு."

"திங்கக்கிழமை காபிக்கடைக்குக் கொண்டா. எல்லாரும் உக்காந்தப்புறம் நடு மேஜையில வை. எனக்கு வாய் வராது. நீயே சொல்லிரு."