நடுவில் அமர்ந்த அதிபர்

மாலை ஆறேகால் மணிக்கு ஒலிக்க வேண்டிய கைபேசி ஒலிக்கவில்லை. மதிய இடைவேளையில் வேலையிடத்திலிருந்து மேலே வந்து மகள் அழைப்பாள்; அங்கே, ஐரோப்பாவில், மதியம், வட்டக்கச்சியில் எங்களுக்குப் பொழுது படும் நேரம். குசினியில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசியைப் பார்த்தபடியே நின்றேன். அதற்குள் அழைப்பு வராத செய்தி எப்படியோ பரவி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் வந்து, கதிரையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டுத் துக்கமானாலும் அவருக்கு நல்ல இடம் வேண்டும்.

"பிள்ளை, மனதைத் திடப்படுத்துங்கோ. அணுவெல்லே. வெடிச்சா ஒண்டும் மிஞ்சாது."

மகள் அங்கே ஒரு மலைக்கு அடியிலுள்ள ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். பிரபஞ்சம் தோன்றிய முதற் சில நிமிடங்களில் கன ஐதரசனும் புரோத்தனும் எவ்வளவு வேகத்தில் சேர்ந்து ஈலியமாகின என்று அளக்கிறாள். அந்தச் சேர்க்கை அரிதாகவே நிகழும். நிலத்துக்கு மேலே அளந்தால், வானத்திலிருந்து ஓயாமல் விழும் கதிர்கள் அதன் சிறு சைகையை மூடிவிடும். மலை அவற்றைத் தடுக்கிறது. வெடிக்க அங்கே எதுவுமில்லை. இதை அதிபருக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அவரோ பௌதிகம் படிப்பித்தவர்.

வானத்திலிருந்து விழுவதற்குப் பயந்து நிலத்துக்குள் இறங்குவதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இறுதி யுத்தத்தில் நாங்கள் பதுங்க வளவில் பங்கர் வெட்டியபோது, வேலியால் எட்டிப் பார்த்து, "இஞ்ச செல் வராது. இது பயந்தாங்கொள்ளியளின்ரை வேலை" என்று சிரித்தவர் இவர். முதற் செல் விழுந்து வெடித்தபோது எங்களுக்கு முன்னரே எங்கள் பங்கருக்குள் இருந்தார். நடுவில், மேலே பனங்குற்றிகள் நெருக்கமாக அடுக்கியிருந்த இடத்தில். பத்து வயது மகளுக்கு வாசற்பக்கந்தான் கிடைத்தது. மண் கொட்டக் கொட்ட அவளுடைய தலையை என் மடிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தேன். அவர் ஓர் அங்குலமும் நகரவில்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதுமில்லை.

அவர் பிதற்றுகிறார் என்று தெரிந்தும் கைபேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

எட்டு மணியளவில் திரை ஒளிர்ந்தது. மகள்.

"அம்மா, கீழ நிண்டனான். மாறி வாற பிள்ளை வரேல்ல, மெசினை விட்டிட்டு வர ஏலாமப் போச்சு. அங்க போன் எடுக்காதெல்லே. ஏன் அழுறீங்கள்? கீழ ஒண்டும் விழாதம்மா."

அதிபர் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னனான், பிள்ளை. நிலத்துக்குக் கீழ எண்டாப் பாதுகாப்புத்தான்."



"ஆரம்மா, அதிபர் சேரோ?" என்றாள். "இப்பவும் நடுவிலதான் இருக்கிறாரோ?"