பிரபு நீட்டிய கோப்பை

மகள் விரும்பியவன் பாசலில் பிறந்து வளர்ந்த சுவிஸ்காரன். என் கணவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய் பால்கனியில் நிற்பார். எனக்கோ பொறுமை குறைவு. மகள் அழுது அழுது மெலிந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பையனின் தகப்பன் எங்களை விருந்துக்கு அழைத்தார். கிழமை நாட்களில் மருந்துக் கம்பெனி வேலை. சனி ஞாயிறு வந்தால் அவர், ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் பிரான்சிலிருந்து போய் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்ட நோர்மன்காரரின் வேஷத்தில் ஒரு பிரபு. அந்தக் காலத்தின்மேல் பித்துப் பிடித்த சிலர் சேர்ந்து, கோட்டை மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து, அப்படியே உடுத்து, அப்படியே உண்பார்களாம். இதென்ன கூத்து என்று வாய்க்குள் சிரித்தபடிதான் போனேன்.

உள்ளே கால் வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மின்விளக்குகூட இல்லை. சுவரோரம் ஆள் உயரத்துக்கு விறகு எரிந்தது. மேடைமேல் நீண்ட மேசை. அந்தக் காலத்துப் பிரபு தன் ஆட்கள் எல்லோரும் பார்க்க அங்கிருந்துதான் தினமும் சாப்பிடுவாராம். குடிமக்களின் பாஷை தெரியாததால் பேச்சை மாற்றிச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆளாம். மகள்தான் இதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தனை நிலம் வைத்திருந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாதா! எனக்கு மலைப்பாக இருந்தது.

நீல அங்கி தரையில் இழுபட இறங்கி வந்த எங்கள் பிரபு, அதாவது பையனின் தகப்பன், ஏவலுக்கு ஆட்கள் இருக்க, தானே என் கணவரின் கைக்குத் தண்ணீர் வார்த்தார். முள்ளுக்கரண்டி கிடையாது. தடித்த ரொட்டித் துண்டுதான் தட்டு, அதுவும் இருவருக்கு ஒன்று. விரலால் சாப்பிட என் கணவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, பிரபுவுக்கும் என் கணவருக்கும் ஒரே கோப்பை. உதட்டைத் துடைத்துவிட்டுக் குடித்து, பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுவது அவர்கள் வழக்கம். பிரபு ஒரு மிடறு குடித்துவிட்டு என் கணவரிடம் நீட்டினார். இவர் என் கோப்பையில்கூட வாய் வைக்காத ஆள். வாங்கியவர், அண்ணாந்து, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினார். எச்சில் என்று ஒதுக்கிவிட்டார். மகள் தலை குனிந்தாள்.

பிரபுவோ அதை எங்கள் நாட்டு ராஜ மரியாதை என்று நினைத்துவிட்டார். கண்கள் விரிய, கோப்பையை வாங்கித் தானும் அண்ணாந்து ஊற்றினார். பாதி மூக்கிலும் மீதி அங்கியிலும் போனது. இருமி இருமிக் கண் சிவந்தது. மனிதர் விடவில்லை, மறுபடி தூக்கினார்.

என் கணவர் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை, திரும்பவும் புரைக்கேறப் போகுது" என்றார் மகளிடம்.

பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, அந்த மனிதர் வாய் வைத்த விளிம்பிலேயே வாய் வைத்துக் குடித்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் காணாத காட்சி. உள்ளே இருந்தது வெறும் ஆப்பிள் சாறு. என் கண் நிறைந்துவிட்டது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு நாள் பாப்பமோ எண்டு கேள்."