மைக்கில் அந்த வசவு

எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ஊருக்குப் போட்ட கடிதங்களும்தான். முன்னும் பின்னுமாகச் சொல்வேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு கெட்ட வார்த்தை வரும். அது இல்லாமல் எழுதிப் பார்த்தேன். அதில் என் வீட்டுக்காரர் இல்லை, வேறு யாரோ இருந்தார்.

காளிகாட்டில் மாடியில் நாங்கள், கீழே வீட்டுச் சொந்தக்காரர். வங்காளி. நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் அண்ணன். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருந்தது. அவரோ வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குகிற மனிதர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. தலை முழுக்கச் சோப்பு நுரை. ஈரத் துண்டோடு மாடிப்படியில் இறங்கினார். தாதா கதவைத் திறந்ததும் கையைக் கூப்பிக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி சிரித்த முகத்தோடு சொன்னார்:

"ஏலே மயிராண்டி, மோட்டாரப் போடுலே."

இந்த ஊரில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்தாலும், மீன்காரன் நாறின மீனைத் தள்ளிவிட்டாலும், சிரித்துக்கொண்டே தமிழில் திட்டிவிட்டு வந்துவிடுவோம். யாருக்குப் புரியப்போகிறது என்கிற தைரியம்.

தாதாவும் கையைக் கூப்பினார். அதே சிரிப்பு. "ஷுவோரேர் பாச்சா," என்றார். பன்றிக்குப் பிறந்தவனே என்று அர்த்தம். பிறகு வங்காளத்திலேயே, "பாஷை தெரியாவிட்டால் என்ன, மூஞ்சி தெரிகிறதே," என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. நான் மேலே கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. இவர் ஆபீஸுக்கு இறங்கும்போது படியில் நின்று கையைக் கூப்பி அந்த வார்த்தையைச் சொல்வார், கீழேயிருந்து பதில் வரும். பூஜைக்குச் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு தாதா மாடிக்கு வந்தாலும் முதலில் அதுதான். இவர் ஆபீஸில் பியூனைக்கூட சார் என்று கூப்பிடுகிறவர். வீட்டிலும் குரல் எழும்பாது. அந்தப் படியில் மட்டும்தான் அவர் தொண்டை முழுசாகத் திறக்கும்.

"பொம்பளைங்க காதுல விழுது. வாயக் கழுவுங்க," என்பேன்.

"ஏட்டி, அவனுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ் அதுதான். அதையும் பேசாண்டாம்ங்கியா?"

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் போனார். கீழ்க்கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். தாதா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். ரஜனிகந்தா மாலை போட்டார். கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"ஏலே மொயிராண்டி," என்றார், அவர்கள் நாக்குக்கு வருகிற மாதிரி. கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "ஜொபாப் தே," என்றார். பதில் சொல்லு என்று.

ஊரிலிருந்து வந்த என் கொழுந்தனார் அவரைப் பிடித்துத் தள்ளப் போனார். நான் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தேன். அடுத்த குளிர்காலத்தில் தாதாவும் போய்விட்டார். இப்போது மோட்டார் தானாகவே ஓடுகிறது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெட்ரோவில் தமிழ்ப் பையன்கள் யாராவது போனில் திட்டிப் பேசினால், நான் மெதுவாக நகர்ந்து அவர்கள் பக்கத்தில் போய் நிற்பேன். அந்த வார்த்தை வரும் சில நேரம். அந்தக் குரல் வராது.

போன குளிரில், கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஐ.டி. வேலைப் பெண் என்னை ஜாதவ்பூருக்கு அழைத்துப் போனாள். தமிழ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஹாலில் கூடி, ஆளுக்குப் பத்து நிமிஷம் தங்கள் சொந்தக் கதையைச் சொல்வார்களாம். "நீங்க படிக்கட்டுக் கதைய சொல்லுங்கம்மா," என்று என் பெயரையும் கொடுத்துவிட்டாள். அந்த வார்த்தையைக் கூட்டத்தில் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டால், அவர் ஒரு நிமிஷமாவது வந்து நிற்பார் என்று எனக்கு ஒரு ஆசை. அதற்காகத்தான் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பையன் ஹாஸ்டல் கதை சொன்னான். வரிக்கு ஒரு வசவு. கூட்டம் உருண்டு சிரித்தது. நானும் முந்தானைக்குள் சிரித்தேன். முன்வரிசையில் இருந்த ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவர் எழுந்துவிட்டார்.

"தம்பி, லேடீஸ் உக்காந்திருக்காங்க. மைக்குக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"அது எங்க வார்டன் என்னைத் திட்டினது சார். நான் திருத்திச் சொன்னா அவர் கோச்சுக்குவாரு."

மறுபடியும் சிரிப்பு. அடுத்தது நான். ஆபீசர் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்களாவது காதுக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

பிறகு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் யாருக்கும் புரியாது என்றுதானே நம் வாய் நீண்டது? இங்கே எல்லாருக்கும் புரியும். படிக்கட்டு இடம் வந்ததும், "ஒரு வசவு வைதார்," என்று சொல்லித் தாண்டிவிட்டேன். கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தப் படியில் ஈரத் துண்டோடு நின்றது அவர் இல்லை.

கடைசியில் மாலை போடுகிற இடம் வந்தது. தாதா கையைக் கூப்பினார் என்றேன். அங்கேயும் 'ஒரு வசவு' என்று சொன்னால், அந்த இரண்டு பேரையும் நானே இன்னொரு தடவை அனுப்பிவைத்த மாதிரி ஆகும். நின்றேன். கையைக் கூப்பினேன். சொன்னேன். என் உதடு அசைந்தது எனக்குத் தெரியும். கூட்டத்தில் கைதட்டினார்கள். அவர் வந்தாரா என்று கேட்டால், படபடப்பில் நான் பார்க்கவில்லை.

இறங்கி வரும்போது ஆபீசர் அந்தப் பையனிடம், "பாத்தீங்களா, ஒரு கெட்ட வார்த்தை இல்லாம எவ்வளவு அழகா சொன்னாங்க!" என்றார். அப்படியானால் நான் சொன்னது யாருக்கும் கேட்கவே இல்லையா? கீழ்வீட்டுப் பெண், "எனக்குக் கேட்டுச்சும்மா, நிஜமா," என்றாள். அவள் என் மேல் பிரியமுள்ளவள், அப்படித்தான் சொல்வாள். அவள் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். கூப்பின கை எப்போது பிரிந்ததோ, முந்தானை வாயை மூடியிருக்கிறது. அந்த வார்த்தை வர வேண்டிய இடத்தில் வெளியே ஒரு ஆட்டோ ஹாரன். அடுத்து, "ஜொபாப் தே," என்று மட்டும் என் குரல். எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

ஆறு வருஷம் என்று எழுதியது ஏழாகக்கூட இருக்கலாம், தாதாவின் வங்காளத்தை நான் எழுதியது சரியா என்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அதைவிட முக்கியமாக, அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நன்றாக நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், நான் அதைச் சொன்னேனா இல்லையா என்று. சொல்லவில்லை என்றால் இன்னொரு தடவை கூப்பிடுங்கள், வருகிறேன்.