அவர் சொன்ன வெள்ளம்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருவனந்தபுரத்தில் மிதுன மாதம். என் மனைவியின் ஊர்க் கணக்கில் ஆனி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வித்துராவுக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் இருவரும் மழையில் நடந்தே போன ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் திருவனந்தபுரத்து ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், இரண்டும் என் வாயில் எங்கே கலக்கின்றன என்று எனக்கே தெரியாது. அவள் திருநெல்வேலிப் பக்கம். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள், "கொறச்சு வெள்ளம் எடுக்கட்டா?" என்று கேட்டிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் தரட்டுமா என்று அர்த்தம். இவளோ பதறிப்போய், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தாளாம். ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்தால்தான் அவள் ஊரில் வெள்ளம். இதை நான் கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் சொன்னேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு அங்கிருந்து எழுந்து போய்விடுவாள். அவள் ஏன் எழுந்து போகிறாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

யுத்தத்தில் சரக்கு வரத்து நின்று, நான் வேலை பார்த்த கடை மூடிப்போனது. நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அவளுக்குத்தான் உத்தரவு வந்தது. தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை வேலை. குறிப்பிட்ட நாளில் ஆபீஸ் மூடுவதற்குள் அசல் சர்டிபிகேட்டுடன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. மழையில் தபால் தாமதமாகி, கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது இரண்டே நாள்தான் மிச்சமிருந்தது.

முதல் நாள் நெடுமங்காடு வரை பஸ், அங்கிருந்து வித்துராவுக்கு நடை. மறுநாள் விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் தங்கிய இடத்துக்காரர், இன்றைக்கு மலை ஏற வேண்டாம் என்றார். அவள் அதற்குள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேறு வழியில்லாமல் அவர் எங்களுக்குப் பாதை சொல்லிக்கொடுத்தார். பாதி மலையில் வழி இரண்டாகப் பிரியும். ஓடையைக் கடந்து ஏறினால் குறுக்குவழி. வண்டிப்பாதையில் போனால் பாலம் உண்டு, ஆனால் நல்ல சுற்று. நாலு மணிக்குத் தோட்டத்தில் சங்கு ஊதும், அதோடு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காற்றில் குடை மடங்கிக் கம்பி இரண்டு ஒடிந்தது. செம்மண் வழுக்கியது. கணுக்காலெல்லாம் அட்டை. என் தோளில் கிடந்த துணிப்பை ஊறித் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். சர்டிபிகேட் அதற்குள்தான் இருந்தது. ஒரு பாறையின் அடியில் ஒதுங்கி, புளிச்சோறு வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்தாள்.

"மத்தியானத்துக்குன்னு வைக்க வேண்டாம். இப்பவே தின்னு தீத்திருவோம்."

தின்று தீர்த்தோம். வாளியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அதுவும் ஈரம். என் உள்பனியன் மட்டும் அவ்வளவாக நனையாமல் இருந்தது, அதைக் கழற்றச் சொல்லி அதனால் துடைத்தாள். துணிகளுக்கு நடுவில் இருந்ததால் இன்னும் நனையாத காகிதங்களைச் சுருட்டி உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். அதன்பிறகு வாளியை அவள் என்னிடம் தரவேயில்லை.

புளிச்சோறு தாகத்தைக் கிளப்பியது. மழை எங்கள் மேல் கொட்டுகிறது, ஆனால் பாதையில் ஓடுவதெல்லாம் சேற்றுத் தண்ணீர். எனக்கு நல்ல ஓடைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒரே நினைப்பு. வழி பிரியும் இடத்தில், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு தொழிலாளி மூட்டையோடு வேகமாக இறங்கி வந்தார். நான் கேட்டேன்:

"அண்ணாச்சி, ஓடையில வெள்ளம் உண்டா?"

"வெள்ளமா? நெறைய உண்டுய்யா," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம். குறுக்குவழியில் காலை வைத்தேன். அவள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தாள்.

"அவர் பேச்சப் பாத்தா எங்க ஊர்க்காரர். அவர் சொன்ன வெள்ளம் வேற."

"அது குடிக்கற வெள்ளமாக்கும். உனக்கு இப்பவும் அந்தப் பேடி போகல்லியா?" என்று அவள் பயத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சட்டையை விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

ஓடையைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. காப்பி நிறத்தில், கிளைகளையும் கல்லையும் உருட்டிக்கொண்டு ஓடியது. அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதையில் நானே மாட்டிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "முழங்கால் அளவுதான் இருக்கும்" என்று இறங்கினேன். மூன்றாவது அடியில் கால் தரையில் இல்லை.

எப்படி ஒரு வேரைப் பிடித்தேன் என்று தெரியாது. தண்ணீர் என் மூச்சை அடைத்தது. அவள் சேற்றில் குப்புறப் படுத்து, ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, ஒடிந்த குடையை நீட்டி அதன் வளைந்த பிடியை என் இடுப்புப் பெல்ட்டில் மாட்டி இழுத்தாள். வேஷ்டி பாதி கிழிந்து, ஒரு செருப்பு போய், நான் கரையில் வந்து விழுந்தேன். வாளி பத்திரமாக ஒரு பாறை மேல் இருந்தது.

வித்துராவுக்கே திரும்பிவிடலாம் என்று சொன்னேன். முழங்கால் கிழிந்து ரத்தம் ஓடியது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"நீங்க வேணும்னா இங்க இருங்க. நான் பாலத்து வழியாப் போறேன். எனக்கு இந்த வேலை வேணும்."

சொல்லிவிட்டு நடந்தாள். நான் மீதி இருந்த செருப்பையும் எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வண்டிப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் தோட்டம் வந்துவிட்டது என்று நினைப்போம், இன்னொரு வளைவு வரும். அவள் எங்கும் உட்காரவில்லை. எனக்கு உட்காரலாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசி மேட்டில் இருக்கும்போது சங்கு ஊதியது. அவள் ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது குமாஸ்தா பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"டைம் கழிஞ்சல்லோ," என்றார் அவர்.

அவள் வாதாடவில்லை. வாளியின் மூடியைத் திறந்து காகிதங்களை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். ஒரு பொட்டு ஈரமில்லை, ஆனால் புளியும் நல்லெண்ணெயும் கமகமவென்று மணத்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவளுடைய சேறு அப்பிய புடவையையும் என் முழங்காலையும் பார்த்தார். மறுபடியும் கதவைத் திறந்து, ரிஜிஸ்டரை எடுத்து வைத்தார். அவள் ஓடி வந்த மூச்சிரைப்போடு கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு அன்பாகக் கேட்டார்:

"டீச்சர்க்கு வெள்ளம் எடுக்கட்டே?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். என் பார்வை தரைக்குப் போயிற்று.

"ஒரு தம்ளர் போதும். ஓடையில நெறையப் பாத்தாச்சு," என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் குமாஸ்தாவும் காரணம் தெரியாமல் சிரித்தார். நான் மட்டும் அழுதேன்.

அந்த மலையில்தான் பல வருஷம் குடியிருந்தோம். முதலில் அவள் சம்பளத்தில் சாப்பிட்டோம், பிறகு அங்கேயே எனக்கும் ஸ்டோரில் ஒரு வேலை கிடைத்தது. அந்தப் பழைய கதையை அதற்கப்புறம் நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போது அவள்தான் அன்றைய ஓடைக் கதையைச் சொல்கிறாள், குடைப்பிடி வரைக்கும் ஒன்று விடாமல். அவள் எச்சரித்தது ஏறாமல் என் காதை அன்றைக்கு அடைத்தது மழைச் சத்தமல்ல, நான் அத்தனை மாதமாகச் சிரித்த சிரிப்புத்தான் என்பதை, அவள் அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.